ஊசியை வேகவைத்த காலமும் பொம்மைக்கு ஊசி போடும் காலமும்

1976-இல் பெங்களூருக்குத் தெற்கே, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காரியங்கள் தொடங்கின. கர்நாடக அரசு கியோனிக்ஸ் என்ற மின்னணு வளர்ச்சிக் கழகத்தை நிறுவியது. அதன் தலைவர் ஆர்.கே.பாலிகாவின் யோசனைப்படி, ஓசூர் சாலையோரக் கிராமங்களான கோனப்பன அக்ரஹாராவிலும் தொட்டதோகூரிலும் 332 ஏக்கர் நிலம் எடுத்து, 1978-இல் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு உருவம் கொடுத்தார்கள். அதே 1976-இல், அங்கிருந்து சற்று மேற்கே பன்னேர்கட்டா சாலைப் பக்கமுள்ள சகலவாராவில், பெங்களூரின் நிமான்ஸ் மனநல மருத்துவமனை ஒரு கிராம மனநல மையத்தைத் திறந்தது. மனநல மருத்துவர் எட்டிப் பார்க்காத ஊர்களில், ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவருக்கும் வீடு வீடாகப் போகும் சுகாதார ஊழியருக்கும் பயிற்சி கொடுத்தால், மனநோயாளியைச் சங்கிலியில் கட்டாமல் வீட்டிலேயே கவனித்துக்கொள்ள முடியுமா என்று அங்கே சோதித்துப் பார்த்தார்கள். முடியும் என்று தெரிந்தது. சகலவாராவிலும் சண்டிகருக்கு அருகே ராய்ப்பூர் ராணியிலும் கிடைத்த அனுபவத்தின்மேல்தான் 1982-இல் தேசிய மனநலத் திட்டம் எழுந்தது.

முதல் காரியத்தை உலகம் முழுக்க அறியும். இரண்டாவதை மனநல மருத்துவமும் நர்சிங்கும் படித்தவர்கள் மட்டுமே அறிவார்கள். இந்த ஐம்பது ஆண்டில் செவிலியர் படிப்பும் பொது சுகாதாரப் படிப்பும் எப்படி மாறின என்று பார்க்க, இந்த இரண்டு இடங்களையும் சுற்றியுள்ள நிலப்பரப்பைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. நிமான்ஸ், கொஞ்சம் தள்ளிக் கோரமங்களாவில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி, அப்புறம் சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திராவில் நாராயணா மருத்துவ நகரம், அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் நம் ஓசூர். இந்த ஒரே சாலையில் ஒவ்வொரு நாள் காலையும் சீருடை அணிந்த நர்சிங் மாணவர்களை ஏற்றிய கல்லூரிப் பேருந்துகள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருக்கின்றன.

தொடக்கம் இதைவிட மிகச் சிறியது. இந்தியாவின் முதல் நர்சிங் பள்ளி 1871-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கியபோது மாணவிகள் நான்கே பேர். பயிற்சி ஆறு மாதம். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் நர்சிங் பள்ளி ஆரம்பித்தபோது, பெண் பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். அந்நியரின் உடம்பைத் தொடுவதும் மலஜலம் எடுப்பதும் இரவில் வெளியே தங்குவதும் குடும்பத்துப் பெண்ணுக்குத் தகாதவை என்ற எண்ணம் அன்று வலுவாக இருந்தது. அந்தப் பள்ளி 1946-இல் கல்லூரியாகி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நர்சிங்கில் பட்டம் கொடுக்கத் தொடங்கியது. அதே ஆண்டு டெல்லியிலும் ஒரு கல்லூரி தொடங்கியது. ‘நர்ஸுக்கு எதற்குப் பட்டம்’ என்று கேட்டவர்கள் அன்று நிறைய இருந்தார்கள்.

1946-இல்தான் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கையும் வெளிவந்தது. அதில் உள்ள கணக்கை இன்று படித்தாலும் மலைப்பாக இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் சுமார் 7,000 செவிலியர். மக்கள்தொகையில் 43,000 பேருக்கு ஒருவர். பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர் 60,000 பேருக்கு ஒருவர். வீடு வீடாகப் போய்த் தாய்சேய் நலம் பார்க்கும் சுகாதாரப் பார்வையாளர் நான்கு லட்சம் பேருக்கு ஒருவர். 1971-க்குள் 500 பேருக்கு ஒரு செவிலியர் என்ற நிலையை எட்ட வேண்டும் என்று அந்தக் குழு இலக்கு வைத்தது. இப்போது செவிலியர் பதிவேடுகளில் உள்ளவர்கள் 33 லட்சத்துக்கு மேல். அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி ஆயிரம் பேருக்கு 1.96. அதாவது 1971-க்கு வைத்த இலக்கை அரை நூற்றாண்டு தாமதித்து, அதுவும் ஏட்டளவில், ஏறத்தாழத் தொட்டிருக்கிறோம். பதிவேட்டில் பெயர் உள்ளவர்களில் எத்தனையோ பேர் துபாயிலும் லண்டனிலும் பணியில் இருக்கிறார்கள். திருமணத்துக்குப் பிறகு வேலையை விட்டவர்களின் பெயரும் அதே பதிவேட்டில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் ஆயிரத்துக்கு மூன்று.

எண்ணிக்கையைவிடப் பெரிய மாற்றம் வகுப்பறைக்கும் வார்டுக்கும் இடையில் நடந்தது. எழுபதுகளில் பயிற்சி பெற்ற மூத்த செவிலியர்களிடம் பேசினால் முதலில் வருவது கொதிநீர் ஆவிதான். கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் தினமும் வேகவைக்க வேண்டும். முனை மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்ட வேண்டும். ரப்பர் கையுறையைத் துவைத்து, காற்று அடைத்து ஓட்டை பார்த்து, பவுடர் போட்டு, ஜோடி சேர்த்து அடுக்க வேண்டும். இரவு டியூட்டியில் நோயாளிகள் கண்ணயர்ந்த நேரத்தில் பஞ்சை உருட்டுவதும் காஸ் துணியை வெட்டி மடித்து டிரம்மில் அடைப்பதும் மாணவிகளின் வேலை. குளுக்கோஸ் ஏற்றினால் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டரை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்றால், மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாயில் நிமிடத்துக்கு 42 சொட்டு. மார்பில் குத்திய கடிகாரத்தை ஒரு கண்ணும் சொட்டை ஒரு கண்ணும் பார்க்க, கட்டிலருகில் ஒரு முழு நிமிடம் நின்றாக வேண்டும்.

இப்போது ஊசியும் கையுறையும் உறையைப் பிரித்து, ஒருமுறை பயன்படுத்தி, வண்ணப் பைகளில் போடுபவை. சொட்டை இன்ஃபியூஷன் பம்ப் கணக்கிடுகிறது. தடைபட்டால் அதுவே ஓசை எழுப்புகிறது. முதலாண்டு மாணவி நரம்பில் ஊசி ஏற்றப் பழகுவது ரப்பர் கையில். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இதயத்துடிப்பு கேட்கும், கண்மணி சுருங்கும், மூச்சு ஏறி இறங்கும் பொம்மைகள் பெரிய கல்லூரிகளின் சிமுலேஷன் லேபில் படுத்திருக்கின்றன. மாரடைப்பு வந்தவரை எப்படிக் காப்பாற்றுவது என்பதை மாணவர் குழு அந்தப் பொம்மையிடம் பத்து முறை தவறவிட்டு, பதினோராவது முறை சரியாகச் செய்யலாம். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த புதிய பாடத்திட்டம் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஆண்டுத் தேர்வை எட்டு செமஸ்டராகவும் மாற்றியது.

இதில் நோயாளிக்குக் கிடைத்த லாபம் சந்தேகமில்லாதது. அன்று ஒரு மாணவி முதல் ஊசியைப் பழகியது, பெரும்பாலும் இலவச வார்டில் படுத்திருந்த ஏழையின் கையில். மறுப்புச் சொல்ல அவருக்கு வாயில்லை. வேகவைத்த ஊசியால் மஞ்சள் காமாலை பரவிய கதைகளும் உண்டு. அந்தக் காலத்தை அப்படியே திரும்பக் கேட்பவர், அந்தக் கட்டிலில் தாம் படுத்திருப்பதாக நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் சொட்டு எண்ணிய அந்த ஒரு நிமிடத்தில் வேறு சிலவும் நடந்தன. நோயாளியின் உதடு காய்ந்திருப்பது கண்ணில் படும். கால் வீக்கம் தெரியும். ‘சிஸ்டர், வீட்டில் கைக்குழந்தை இருக்கு’ என்ற பேச்சு வரும். பம்ப் அந்த நிமிடத்தைச் செவிலியருக்குத் திருப்பிக் கொடுத்தது. கணினியில் பதிவு செய்யும் வேலை அதை எடுத்துக்கொண்டது. கட்டிலருகில் தானாக நடந்த அந்தப் பேச்சு இன்று ‘தகவல் தொடர்புத் திறன்’ என்று வகுப்பில் கற்பிக்கப்படுகிறது.

பணத்தின் திசையும் தலைகீழாக மாறிவிட்டது. அந்த நாளில் மருத்துவமனை தன் நர்சிங் பள்ளியில் சேர்ந்த பெண்ணுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் சீருடையும் கொடுத்து, கையில் சிறு உதவித்தொகையும் கொடுத்தது. அதற்குப் பதிலாக அவளிடம் முழு ஊழியரின் வேலையை வாங்கிக்கொண்டது. மேட்ரன் கண்டிப்புக்கு அப்பீல் கிடையாது. தொப்பி சரிந்தால் திட்டு. விடுதிக்கு ஐந்து நிமிடம் தாமதித்தால் வீட்டுக்குக் கடிதம். அதைக் கல்வி என்பதைவிட உழைப்பு என்று சொல்வதே நேர்மை. ஆனாலும் கடனில்லாத உழைப்பு. ஒரு கூலிக் குடும்பத்துப் பெண், தகப்பனிடம் ஒரு ரூபாய் வாங்காமல், மூன்றரை ஆண்டில் சம்பளக்காரியாக வெளியே வந்தாள். தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் ஒரு தலைமுறையில் நிமிர்ந்தது இப்படித்தான்.

இன்று தனியார் கல்லூரியில் நான்காண்டு பி.எஸ்சி படிக்கக் கட்டணம், விடுதி, சீருடை எல்லாம் சேர்த்து லட்சக்கணக்கில் ஆகிறது. நிலத்தை அடகு வைத்தோ கல்விக்கடன் வாங்கியோதான் பலர் வருகிறார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து பெங்களூரில் நர்சிங் கல்லூரிகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. 1996-இல் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் தொடங்கியதும் இந்தக் கல்லூரிகள் எல்லாம் ஒரே குடையின் கீழ் வந்தன. கேரளத்திலிருந்தும், பிறகு மேற்கு வங்கம், மணிப்பூர், நேபாளம் என்றும் பிள்ளைகள் ரயிலேறி வந்தார்கள். பல கல்லூரிகள் நன்றாகவே சொல்லிக்கொடுக்கின்றன. சொந்த மருத்துவமனை இல்லாமல், வாடகைக் கட்டடத்தில், ஏஜென்ட் மூலம் ஆள் சேர்த்து நடத்தியவையும் உண்டு. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொண்டு வேலையை விட்டுப் போகவிடாத மருத்துவமனைகளைப் பற்றி நாடு முழுவதும் செவிலியர்கள் புலம்பிய காலமும் இருந்தது. சம்பளம் பற்றிய வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 2016-இல் நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு, சிறிய தனியார் மருத்துவமனையும் மாதம் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை எல்லா இடத்திலும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. கடன் வாங்கிப் படித்த பிள்ளை இரண்டாம் ஆண்டிலேயே ஜெர்மன் மொழி வகுப்பில் சேர்வதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

பொது சுகாதாரத்துக்கு வருகிறேன். என் மனம் அதிகம் நிற்பது இங்கேதான்.

மாணவர்கள் ஊருக்குள் வீடு வீடாகப் போய்ப் பெறும் பயிற்சிக்குக் கம்யூனிட்டி போஸ்டிங் என்று பெயர். நர்சிங் படித்த எவரும் மறக்காத ஒன்று அந்தப் போஸ்டிங்கின் பை. வீட்டுக்குள் நுழைந்ததும், சுத்தமான ஓரிடம் பார்த்துச் செய்தித்தாளை விரித்து, அதன்மேல்தான் பையை வைக்க வேண்டும். தரையில் படக் கூடாது. பையிலிருந்து முதலில் வெளியே வருவது சோப்பும் துண்டும். கை கழுவிய பிறகே உள்ளறைக்குள் கைபோகலாம். ஏப்ரன் கட்டி, வெப்பமானி, ஸ்பிரிட், பஞ்சு, சிறுநீர்ச் சோதனைக் குழாய் என்று வேண்டியதை மட்டும் எடுத்து வைத்து, பையை மூடிவிட்டுத்தான் குழந்தையைத் தொட வேண்டும். முடிந்தபின் மறுபடி கை கழுவி, ஏப்ரனின் அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து வைத்து, குறிப்பேட்டில் எழுதிவிட்டு எழ வேண்டும். பார்க்கச் சடங்கு போலத் தோன்றும். ஆனால் ஒரு வீட்டின் கிருமியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருக்கும் விஞ்ஞானம் முழுவதும் அந்தச் செய்தித்தாளில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, அந்த வீட்டுப் பெண் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சோப்புப் போட்டுக் கை கழுவுவதைப் பேச்சில் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்துக் கற்றவர்கள் அதிகம்.

அந்தப் பைகள் ஆனேக்கல் வட்டாரத்துக் கிராமங்களில் நிறைய நடந்திருக்கின்றன. செயின்ட் ஜான்ஸ் தன் மாணவர்களைச் சர்ஜாபுரா பக்கமுள்ள முகளூருக்கு அனுப்பிப் பழக்கியது. பட்டு வளர்ப்பும் ராகியும் மல்பெரியும் உள்ள ஊர்கள் அவை. காலை பத்து மணிக்குப் போனால் வீட்டில் கிழவி இருப்பாள், கர்ப்பிணி இருப்பாள், திண்ணையில் குழந்தை இருக்கும். வயிற்றுப்போக்கு, சொறி சிரங்கு, இரத்தசோகை, காசநோய், வீட்டுப் பிரசவம் என்று நோய்ப்பட்டியல் தெளிவு. உப்பும் சர்க்கரையும் பற்றிப் பேச வேண்டியிருந்ததே, உப்பு சர்க்கரைக் கரைசலைக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லித்தருவதற்காகத்தான்.

இன்று ஹெப்பகோடி, சந்தாபுரா, ஜிகணி என்று எங்கே போனாலும் கிராமத்தின் பெயர் மட்டும் இருக்கிறது. ராகிக் கொல்லையில் பி.ஜி. விடுதிகளும், தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளும் நிற்கின்றன. வரிசை வீடுகளில் ஒடிசா, பிகார், அசாம், வட கர்நாடகம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று பல ஊர்க்காரர்கள். காலை பத்து மணிக்குக் கல்லூரிப் பேருந்து வந்து நிற்கும்போது கதவுகள் பூட்டிக் கிடக்கின்றன. புருஷனும் மனைவியும் கட்டட வேலைக்கோ தொழிற்சாலைக்கோ போயாயிற்று. எதிரே உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆள் இருக்கிறது, ஆனால் காவலாளி உள்ளே விடுவதில்லை. இரவு ஷிப்ட் முடித்த மென்பொருள் ஊழியர் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறார். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கு, யார் எந்த ஊர் என்று தெரிந்த காலத்தில் போட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு மாறுகிறவரை எந்த ஐயாயிரத்தில் சேர்ப்பது? மாணவர்களும் வேறு வழியில்லாமல் பள்ளிக்கூடத்தில் ஒரு சார்ட் விளக்கம், சந்தையில் ஒரு தெருநாடகம், சர்க்கரை பார்க்க ஒரு முகாம் என்று போஸ்டிங்கை முடித்துப் போகிறார்கள். மொழியும் தடுக்கிறது. மலையாளம் பேசும் மாணவி, ஒடியா பேசும் தாயிடம், பாதி இந்தியில் பால் குடிக்கிறதா குழந்தை என்று கேட்கிறாள்.

நோய்களும் மாறிவிட்டன. கர்நாடகத்தில் 2001–03 காலத்தில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 228 தாய்மார் இறந்தார்கள்; 2018–20-இல் அது 69. இந்த ஒரு மாற்றத்துக்காக மட்டுமே அந்தப் பைகளைத் தூக்கி நடந்த பெண்களுக்குச் சிலை வைக்கலாம். இப்போது வரிசை வீட்டிலும் அடுக்குமாடியிலும் ஒரேபோல் நுழைந்திருப்பது சர்க்கரையும் இரத்த அழுத்தமும். நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு. தூக்கமின்மை, தனிமை, வேலை போய்விடும் பயம் ஆகியவை பழைய போஸ்டிங் குறிப்பேட்டில் எழுத இடமே இல்லாத குறைகள். செல்போனை விட முடியாதவர்களுக்கு என்றே நிமான்ஸ் 2014-இல் ஒரு தனி கிளினிக் தொடங்கியது.

எலெக்ட்ரானிக் சிட்டி இதற்குக் கொடுத்த பதில் அதன் இயல்புக்கேற்ப எண்மியமானது. 1898-இல் பெங்களூரில் பிளேக் பரவியபோது தடுப்பு வேலைகளை ஒருங்கிணைக்கத்தான் நகரத்தின் முதல் தொலைபேசிக் கம்பிகள் இழுக்கப்பட்டன என்பார்கள். அந்த மரபு தொடர்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டியிலுள்ள தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.ஐ.டி. பெங்களூர், நிமான்ஸுடனும் மாநில அரசுடனும் சேர்ந்து ‘இ-மானஸ்’ என்ற மனநலப் பதிவேட்டை உருவாக்கியது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய ‘டெலி-மானஸ்’ என்ற தொலைபேசி மனநலச் சேவைக்கு நிமான்ஸ் தலைமை மையம், தொழில்நுட்பம் ஐ.ஐ.ஐ.டி. பெங்களூருடையது. 14416 என்று அழைத்தால் எந்த ஊரிலிருந்தும், எந்த நேரத்திலும், பயிற்சி பெற்ற ஒருவர் தமிழிலேயே பேசுவார். 1976-இல் அருகருகே தொடங்கிய அந்த இரண்டு காரியங்களும் நாற்பத்தாறு ஆண்டு கழித்து ஒரே தொலைபேசி எண்ணில் சந்தித்திருக்கின்றன. சகலவாராவில் ஒவ்வொருவரையும் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். இப்போது ஒரு மணி நேரத்தில் பலருக்குக் காது கொடுக்க முடிகிறது. போன் எடுக்கத் தெரியாதவரும், தனக்கு நோய் என்று அறியாதவரும் மட்டும் இந்தக் கணக்கில் வருவதில்லை. சகலவாராவில் தேடிப் போய்க் கண்டது அவர்களைத்தான்.

படிப்பும் அதற்கேற்ப விரிந்திருக்கிறது. 1932-இல் கல்கத்தாவில் அகில இந்திய சுகாதார நிறுவனம் வந்தபோது பொது சுகாதாரப் பட்டயம் என்றால் மருத்துவருக்கானது. செவிலியர் அவர் சொல்வதைச் செய்பவர். 1997-இல் திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையத்தில் எம்.பி.எச். என்ற பொது சுகாதார முதுநிலைப் படிப்பு தொடங்கிய பிறகு பாதை மெல்லத் திறந்தது. இன்று பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர் பல நிறுவனங்களில் எம்.பி.எச். சேர்ந்து, தொற்றுநோயியலும் புள்ளியியலும் மருத்துவருக்குச் சமமாக உட்கார்ந்து படிக்கிறார். 2005-இல் நர்சிங் கவுன்சிலும் ராஜீவ் காந்தி பல்கலைக்கழகமும் சேர்ந்து முனைவர் பட்ட ஆய்வுக்குத் தேசியக் கூட்டமைப்பையே தொடங்கின. 2018-க்குப் பிறகு துணை சுகாதார நிலையத்தில் சமுதாய சுகாதார அலுவலராக நர்சிங் பட்டதாரிகள் அமர்கிறார்கள். சர்க்கரை, அழுத்தத்துக்கான தொடர் மருந்தை அவர்கள் கையாலேயே கொடுக்கிறார்கள். டாக்டர் பின்னால் கேஸ் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு நடந்த தலைமுறைக்கு இது கனவு. இந்த உயர்வுக்கு ஈடாக எதை இழந்திருந்தாலும் இதை விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வீட்டுப் படியேறும் வழக்கம் எங்கேயும் அழிந்துவிடவில்லை என்பதும் உண்மை. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து எல்லையைத் தாண்டினால் வரும் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரை மாத்திரையும் அழுத்த மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. படுக்கையில் கிடப்பவருக்குச் செவிலியரும் இயன்முறைச் சிகிச்சையாளரும் வீட்டுக்கே போகிறார்கள். பொம்மசந்திராவிலேயே இன்னொரு வகையில் அது நடக்கிறது. பார்வையாளர் நேரம் முடிந்ததும் உறவினரை வார்டிலிருந்து விரட்டுவதுதான் அந்தக் காலத்து மேட்ரனின் முதல் கடமை. நாராயணா மருத்துவமனையில் 2010-களில் நூரா ஹெல்த் அமைப்பு தொடங்கிய முறையில், அதே உறவினரை உட்காரவைத்து, இதய அறுவைக்குப் பின் புண்ணை எப்படிப் பார்ப்பது, எந்த அறிகுறி வந்தால் ஓடிவர வேண்டும் என்று செவிலியர் வகுப்பு எடுக்கிறார். பிற மாநிலத்து அரசு மருத்துவமனைகளும் இதை எடுத்துக்கொண்டன. செவிலியர் வீட்டுக்குப் போக முடியாவிட்டாலும், அவர் கற்றது வீட்டுக்குப் போகிறது.

ஆனால் ஓசூர் சாலைக் கல்லூரி மாணவரின் படிப்பில், வீட்டைத் தொடர்ந்து பார்க்கும் இந்த வழக்கம் சேர்ந்ததாகத் தெரியவில்லை. வேலூரில் நர்சிங் கல்லூரியே தன் பொறுப்பில் சில கிராமங்களையும் நகர்ப்புறப் பகுதிகளையும் வைத்துக்கொண்டு, செவிலியர் நடத்தும் கிளினிக்குகளோடு, அந்தந்த வீடுகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து வருகிறது. அங்கே போஸ்டிங் போகும் மாணவி முன்பு படித்தவர்கள் எழுதிவைத்த குடும்பக் குறிப்பின் அடுத்த பக்கத்தை எழுதுகிறாள். ஓசூர் சாலையில் இத்தனை கல்லூரிகள் இருக்கின்றன. ஆளுக்கு நான்கு தெருவை எடுத்துக்கொண்டால் ஹெப்பகோடியிலிருந்து அத்திப்பள்ளி வரை பதிவேட்டில் வராத வரிசை வீடு ஒன்றுகூட மிஞ்சாது. காலை பத்து மணிக்குப் பதில் மாலை ஆறு மணிக்குப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும், ஒரு கன்னடம் பேசுபவரும் ஓர் இந்தி பேசுபவரும் கூடப் போக வேண்டும். பல்கலைக்கழகத்தின் கால அட்டவணை இதற்கு இடம் தர வேண்டும். பணம் பெரிதாக ஆகாது. 2025 ஆகஸ்டிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோவும் ஓடுகிறது; பேருந்து கிடைக்கவில்லை என்ற சாக்குக்குக்கூட இடமில்லை.

தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கு நர்சிங் படிக்கப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். கட்டடத்தையும் ஏசி வகுப்பறையையும் பொம்மை லேபையும் காட்டுவார்கள். பாருங்கள், அவை தேவைதான். அதோடு சிலவற்றைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அதில் எத்தனை கட்டில் நிரம்பியிருக்கிறது? கம்யூனிட்டி போஸ்டிங் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், எத்தனை வாரம்? கூட ஆசிரியர் போகிறாரா? சென்ற ஆண்டு மாணவர்கள் எந்தத் தெருவின் வீடுகளைப் பார்த்தார்கள், அந்தக் குறிப்பேட்டைக் காட்ட முடியுமா? குறிப்பேட்டை எடுத்துக்கொண்டுவந்து மேசைமேல் வைக்கும் கல்லூரியில் சேருங்கள்.